பதினேழாம் நம்பர் கொடுவா

எனக்குக் கடல் ஆகாது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் நான். முழங்காலுக்கு மேல் தண்ணீரைக் கண்டால் கண்மாய் உடைத்துக்கொண்டது என்று கூப்பாடு போடத்தான் தெரியும். அப்படிப்பட்டவனைப் பிடித்து, "ஆத்மநாதன், உமக்கு இங்கிலீஷ் வரும். மீன் துரையோட ஜெகதாப்பட்டினம் போயி, அவர் சொல்றதை இவங்களுக்கும், இவங்க சொல்றதை அவருக்கும் சொல்லிட்டு வாரும்" என்று தாசில்தார் உத்தரவு போட்டார். தாலுகா கச்சேரியில் நான் காப்பி குமாஸ்தா. பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவது என் உத்தியோகம். பதினோரு வருஷத்தில் சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை, ஒரு முடிவு எடுத்ததில்லை. அதனால் மறுக்கவும் தெரியவில்லை.

இது நடந்தது 1937, தை மாதக் கடைசிச் சனிக்கிழமை.

மீன் துரைக்கு வேறு பெயர் இருந்தது. அது யார் வாயிலும் நுழையாததால் மீன் துரை ஆனார். அவர் வேலை இதுதான்: ராட்டினம் வைத்த தூண்டிலால் கொடுவா மீனைப் பிடிப்பார். முதுகுத் துடுப்புக்குப் பக்கத்தில் நம்பர் போட்ட ஒரு பித்தளை வில்லையைக் கோத்துவிடுவார். பிறகு மீனைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார். பின்னால் எங்கேயாவது யாராவது அதைப் பிடித்துச் சர்க்காருக்குச் சொன்னால், அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கணக்காகத் தெரியுமாம். மீன் கடலில்தான் போகும், கச்சேரிக்கா வரும்? இதைக் கண்டுபிடிக்க ஒருவர் கப்பலேறி வந்திருந்தார்.

முதல் நாளே ஊரில் தமுக்கு அடித்தாயிற்று. வில்லை போட்ட மீனை எவனும் வெட்டக் கூடாது, விற்கக் கூடாது, தின்னக் கூடாது, சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். தமுக்கு அடித்தவன் தலையாரி ராக்கன். அவன் மார்புப் பட்டையிலும் ஒரு பித்தளை வில்லை உண்டு. மீனுக்கும் வில்லை என்ற செய்தியைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கிப்போனதாகக் கேட்டவர்கள் சொன்னார்கள்.

கொடுவா எங்கே கிடக்கும் என்று காட்ட ஒரு ஆள் வேண்டும். ஊரே ஒரு விரலை நீட்டி சவரியப்பனைக் காட்டியது. ஐம்பது வயது, கரிக்கட்டை நிறம். எந்த ஓடை வாயில் எந்த நேரத்துக்கு எந்த மீன் வரும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஆனால் அன்று காலையில் வத்தை என்கிற சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தவன் முகம் இழவு வீட்டுக்குப் போகிறவன் முகமாக இருந்தது.

"என்னய்யா, வயித்து வலியா?" என்றேன்.

"இல்லீங்கய்யா. இன்னைக்கு எம் மகளுக்கு நிச்சயம்."

"நல்ல காரியந்தானே?"

"மீனு இல்லாம எங்கிட்டுய்யா நல்ல காரியம்?"

கழி ஊன்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். அவர்கள் வகையறாவில் நிச்சயத்தன்று பெண்ணின் தகப்பன், தானே தன் தூண்டிலில் மூன்று சாண் கொடுவா ஒன்றைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வலையில் விழுந்தது செல்லாது. வாங்கியது செல்லாது. அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய் எல்லோர் முன்னாலும் அதை வெட்ட, ஒரே சட்டியில் குழம்பு வைத்து இரண்டு வீடும் உண்ண வேண்டும். மீன் வராவிட்டால் கடல் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம். முதல் தடவை புயல். இரண்டாம் தடவை மீன் வந்தது. மாப்பிள்ளையின் தாய் இன்னாசியம்மாள் தன் சாணால் அளந்து நாலு விரல்கடை குறைகிறது என்று எழுந்து போய்விட்டாள். அந்த அம்மாளுக்குக் கை பெரிசு. இது மூன்றாம் தடவை. மூன்றும் தவறினால் சம்பந்தம் முறிந்தது. புதன்கிழமை தவக்காலம் பிறந்துவிடும், அதில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள், தள்ளிப்போடவும் வழியில்லை.

"புள்ள அந்தப் பையனையே நெனச்சுக்கிட்டுக் கெடக்குதுய்யா. தொரைக்கிட்டச் சொல்லி, நானும் ஒரு கவுறு போட்டுக்கிறேன்னு கேளுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

கேட்டேன். துரை தலையை ஆட்டிவிட்டார். ஒரு படகில் ஒரு தூண்டில்தான், இல்லாவிட்டால் கணக்கு கெட்டுவிடும் என்றார். இன்னொரு முறை அழுத்திக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது குமட்டிக்கொண்டிருந்தது என்பது பாதிதான் காரணம். மீதிப் பாதி என் சுபாவம்.

அன்றைக்கென்று கொடுவாக்களுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. முகத்துவாரத்தில் துரை இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் கட்டியிருந்த தகரக் கரண்டி விழுந்த இடத்திலெல்லாம் வாயைத் திறந்துகொண்டு வந்தன. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர். துரை அளப்பார், எழுதுவார், வில்லை மாட்டுவார், இரண்டு கையாலும் தண்ணீரில் இறக்கிவிட்டு "குட் லக்" என்பார். ஒவ்வொரு மீனும் தண்ணீருக்குள் போகும்போது சவரியப்பன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும்.

"மூணேகால் சாணுய்யா. போவுது பாருங்க."

எட்டாம் நம்பருக்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது. ஆள் தேறிவிட்டான் என்று நினைத்தேன். தற்செயலாகக் கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது. கழி ஊன்றுகிறவனுக்குக் கைக்குத்தானே ஓய்வில்லை? வலது கால் பெருவிரலில் நூலைச் சுற்றி, உயிர் இறால் குத்தின முள்ளை வத்தைக்கு அந்தப் பக்கம் நழுவவிட்டிருந்தான். என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் உபகாரம் அது.

துரை பதினாறாம் நம்பரை வழியனுப்பிவிட்டுச் சுருட்டுப் பற்ற வைத்த நேரம். "யாத்தே!" என்று ஒரு அலறல். சவரியப்பன் மல்லாக்க விழுந்து கிடந்தான், வலது கால் மட்டும் கடலை நோக்கி விறைத்துக்கொண்டு நின்றது. கழி ஒரு பக்கம் மிதந்து போயிற்று. வத்தை ஆடிய ஆட்டத்தில் நான் ஆவுடையார்கோயில் சாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சவரியப்பன் உட்கார்ந்தபடியே நூலைச் சுற்றிச் சுற்றி இழுத்தான். விரலிலிருந்து ரத்தம் வழிந்தது. கடைசியில் வத்தைக்குள் வந்து விழுந்தது மூன்றரைச் சாண் இருக்கும். வெள்ளியை உருக்கி வார்த்ததுபோல அப்படி ஒரு மீன்.

துரைக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கேடு. சுருட்டைக் கடலில் எறிந்துவிட்டு, "பிரமாதம்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து வந்தார். சவரியப்பன் மூச்சுவிட்டு நிமிர்வதற்குள் பதினேழாம் நம்பர் வில்லையை மாட்டிவிட்டார். மாட்டிவிட்டு, வழக்கப்படி தூக்கித் தண்ணீரில் விடப்போனார்.

சவரியப்பன் மீனைக் கட்டிக்கொண்டான்.

ஒரு பக்கம் துரை இழுக்கிறார், ஒரு பக்கம் சவரியப்பன் இழுக்கிறான், நடுவில் மீன் என் முகத்தில் வாலால் அடிக்கிறது. "இவன் என்ன சொல்கிறான்?" என்று துரை கத்துகிறார். வெட்டித் தின்ன வேண்டுமாம் என்றால் விடமாட்டார். "இவன் மகளுக்கு இன்று நிச்சயம். இந்த மீன் அதற்கு வர வேண்டும் என்பது இவர்கள் குல வழக்கம்" என்றேன். வந்து என்ன செய்யும் என்பதை நான் சொல்லவில்லை.

துரையின் பிடி தளர்ந்தது. மீனை விருந்துக்கு அழைக்கும் ஜனங்களைத் தான் எங்கும் கண்டதில்லை என்றார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார்: பதினேழாம் நம்பர் கொடுவாவை உயிருடன் பெற்றுக்கொண்டேன், மாலை ஐந்து மணிக்கு உயிருடன் கடலில் சேர்ப்பேன். வழியனுப்பத் தானே வருவதாகவும் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். பார்த்து எழுதி எழுதிப் பழகிய கை, எதைக் கொடுத்தாலும் போட்டுவிடும்.

மீனை அண்டாவில் கடல் தண்ணீரோடு விட்டு நாலு பேர் சுமந்துகொண்டு ஊருக்குள் போனோம். சவரியப்பன் வீட்டுப் பந்தலில் ஜனம் நெரிந்தது. அவன் மனைவி ஆரோக்கியம்மாள் மசாலா அரைத்துத் தயாராக வைத்திருந்தாள். மகள் அடைக்கலமேரி கதவு ஓரத்தில் நின்று அண்டாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைத் தட்டையோ மாப்பிள்ளையையோ அந்தப் பெண் பார்க்கவில்லை. பந்தலுக்கு நடுவில், அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு இன்னாசியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டி அளந்தாள். மூன்றரைச் சாண், குறை சொல்ல இடமில்லை. அரிவாள்மனைக்கு மீனைத் தூக்கினாள். வில்லை பளிச்சென்றது.

"நிப்பாட்டுங்க!" என்றான் தலையாரி ராக்கன்.

அவன் குனிந்து நம்பரைப் படித்தான். தன் மார்பு வில்லையைப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் செத்திருந்தது.

"பதினேழு. என்னுது எரநூத்திப் பன்னெண்டு. பன்னெண்டு வருசம் கால்கடுக்க நடந்து வாங்கின நம்பரு. இவரு எனக்கு மேல உள்ளவரு" என்று சொல்லி மீனுக்கு ஒரு சலாம் வைத்தான். "வில்லையோட இருக்கிறவரை வெட்டினா ஆறு மாசம் ஜெயிலுங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வில்லையைக் கழற்றிவிட்டு வெட்டலாம் என்றார் ஒருவர். கழற்றினால் வேலையை விட்டு நீக்கினதாக ஆகும், அதற்குத் துரைதான் உத்தரவு போட வேண்டும் என்றான் ராக்கன். வில்லை இருக்கிற துண்டை விட்டுவிட்டு மீதியை வெட்டலாமா என்றார் இன்னொருவர். உத்தியோகஸ்தன் காலை வெட்டினால் மட்டும் சும்மா விடுவார்களா என்று ராக்கன் கேட்டான். மீன் அண்டாவுக்குள் திரும்பவும் விடப்பட்டு, நடப்பது எதுவும் தன்னைப் பற்றியதல்ல என்பதுபோல வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

இன்னாசியம்மாள் அரிவாள்மனையை மடக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வெட்டக் கூடாத மீனு எனக்கெதுக்கு? கடலுக்கு இதுல சம்மதமில்லேன்னு மூணு தரம் சொல்லிருச்சு. வாடா தம்பி, போவோம்."

மாப்பிள்ளைப் பையன் எழுந்திருக்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடி இருந்தான். அடைக்கலமேரி அண்டாவிலிருந்து கண்ணை எடுத்து முதல் தடவையாக அவனைப் பார்த்தாள். சவரியப்பன் நொண்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். விரலில் சுற்றிய துணி சிவந்திருந்தது.

"நீங்க சொல்லுங்கய்யா. இங்க படிச்சவுக நீங்கதான். இது எம் மீனா, சர்க்கார் மீனா?"

பந்தல் முழுவதும் என்னைப் பார்த்தது. எதைப் பார்த்துச் சொல்வது? முன்னால் ஃபைல் இல்லை, மேலே தாசில்தார் இல்லை. என் கையெழுத்துப் போட்ட காகிதம் துரை பையில் இருக்கிறது. உத்தியோகம் போனால் ஊருக்குத் திரும்பி நிலக்கடலைதான் உரிக்க வேண்டும். பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பெருவிரலைப் பார்த்த பிறகு வேறு பதில் வரவில்லை.

"ஒன் மீன்தான்யா" என்றேன். அண்டாவுக்குள் கையை விட்டு, என் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மீனைப் பிடித்து, வில்லையை நானே கழற்றி மடியில் செருகிக்கொண்டேன். "உத்தியோகத்திலேருந்து நீக்கியாச்சு. வெட்டுங்கம்மா."

ராக்கன் தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு பந்தலை விட்டு ஓடினான். குழம்பு கொதிக்கிற வாசனைக்குத் திரும்பி வந்தான். ஒரே சட்டியில் சமைத்து இரண்டு வீடும் உண்டார்கள். மாப்பிள்ளை மூன்று தடவை சோறு வாங்கினான். அடைக்கலமேரி உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள், அப்புறமும் கண் சிவந்துதான் இருந்தது.

ஐந்து மணிக்குத் துரை வருகிறார் என்ற நினைப்பு எல்லோருக்கும் ஏப்பம் விடும்போதுதான் வந்தது.

என்ன செய்வது? காலி அண்டாவைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனோம். கூட்டத்தின் தலைகளுக்கு மேல் துரையின் தொப்பி தெரிந்ததும் யாரோ அண்டாவைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டார்கள். துரை ஓடி வந்து, "போய்விட்டதா?" என்றார்.

"இப்போதுதான்" என்றேன். சொந்தமாகச் சொன்ன இரண்டாவது பதில் அது, அதுவும் பொய்.

துரை தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத தண்ணீரைப் பார்த்து நின்றார். ஊரும் நின்றது. ராக்கன் சலாம் வைத்தான். என் மடியில் வில்லை குத்திக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் சிரித்திருந்தாலும் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

சவரியப்பன் அழுதுவிட்டான். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது, தேம்பித் தேம்பி அழுதான். துரை அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். கவலைப்படாதே, நல்ல மீன், வெகுதூரம் போகும் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அதைக் கேட்டு இன்னும் அழுதான். துரை சந்தேகமாக என் பக்கம் திரும்பினார்.

அப்போது இன்னாசியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, மஞ்சள் மணக்கிற அந்தப் பெரிய கையை உயர்த்திக் கடலைப் பார்த்து ஆட்டினாள். "போயிட்டு வா ராசா! ஒடம்பப் பாத்துக்க! கல்யாணத்துக்கும் வந்துரு!" என்று கோட்டைப்பட்டினம் வரை கேட்கக் கத்தினாள். அவள் கத்தியதும் ஊரே கையை ஆட்டிக் கத்தியது. துரைக்கும் கண் நிறைந்துவிட்டது.

அவள் கரையேறி வந்து, முந்தானையைச் சவரியப்பன் பக்கம் நீட்டினாள். மூன்று நிச்சயத்திலும் அவள் வாயில் வராத வார்த்தை அப்போதுதான் வந்தது.

"கண்ணத் தொடைங்க, சம்மந்தி. தொரை பாக்குறாரு."