அரைப்புள்ளி வைத்த பெயர்

அலுவலகத்தில் அவனைத் தரகர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் எழுதிய ஒரு மாட்யூலால், அதாவது மென்பொருளுக்குள் இருக்கும் ஒரு நிரல்பகுதியால், வந்த பெயர் அது. யாராவது ஒரு கோப்பைத் திறந்தால், அது படமா, பாட்டா, கடிதமா என்று வகை பார்த்து, அதைத் திறக்கத் தெரிந்த நிரலைத் தேடிப் பிடித்து அதன் கையில் ஒப்படைக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனியாளாக உட்கார்ந்து எழுதியது. கம்பெனி விற்ற எல்லா மென்பொருளுக்குள்ளும் அது இருந்தது. கல்யாணப் பேச்சு நடந்தபோதே வருங்கால மாமியாரிடம் அதைப் பற்றி அரைமணி நேரம் விளக்கியவன் அவன்.

அவன் மனைவி அதே அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் இருந்தாள். பிறர் எழுதியதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. "வீட்டுலயும் இப்படித்தானா?" என்று யாராவது கேட்டால் அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஒரு மதியம் அந்த மாட்யூலை உடைக்கும் முறை அவளுக்கு வந்தது. கோப்பின் பெயரை அது அப்படியே கட்டளையோடு ஒட்டி இயக்குவதை அவள் கவனித்தாள். நடுவில் ஓர் அரைப்புள்ளி வந்தால், அதற்குப் பின்னால் இருப்பதைக் கணினி புதுக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ஒரு படத்தின் பெயரில் அரைப்புள்ளி வைத்து, அதற்குப் பின்னால் கால்குலேட்டரைத் திறக்கும் கட்டளையை எழுதினாள். படத்தைத் தட்டியதும் கால்குலேட்டர் திறந்தது. பிறகு அதே இடத்தில் அழிக்கும் கட்டளையை வைத்துப் பார்த்தாள். சோதனைக்கென்று வைத்திருந்த ஃபோல்டர் துடைத்த மாதிரி காலியானது.

அன்று மாலை அவன் தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னாள்.

"உலகத்துல யாரு கோப்புக்கு அப்படிப் பேர் வைப்பாங்க?" என்றான் அவன்.

"கெடுக்கணும்னு நினைக்கிறவன் வைப்பான். நாளைக்குப் புகார் பதியப் போறேங்க."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "இப்ப வேண்டாம். என்னைக் குழுத் தலைவரா போடற பேச்சு நடக்குது. பொண்டாட்டியே தப்பு கண்டுபிடிச்சான்னு ஆயிடும். பதவி வரட்டும், நானே சத்தமில்லாம சரி பண்ணிடறேன்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் சோதனை அறிக்கையில் 'சரி' என்று போட்டுவிட்டாள். பதவி வந்தது. அவள் ஞாபகப்படுத்தியபோது, "பண்றேன்னு சொன்னேன்ல" என்றான். அடுத்த முறை கேட்டபோது, "வீட்டுக்கு வந்தும் ஆபீஸா?" என்றான்.

அந்த மென்பொருளை வாங்கியிருந்த ஒரு ஸ்கேன் மையத்துக்கு மின்னஞ்சலில் ஒரு படம் வந்தது. வரவேற்பில் இருந்த பெண் அதைத் திறந்தாள். பெயரில் அரைப்புள்ளி இருந்தது. அவர்கள் சேமித்து வைத்திருந்த ஸ்கேன் படங்கள் எல்லாம் போயின. மறுநாள் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

கண்ணாடி அறையில் கூட்டம் போட்டார்கள். இதைச் சோதித்தது யார் என்று மேலாளர் கேட்டார்.

"நான்தான் சார். இந்த ஓட்டை எனக்குத் தெரியும். அப்பவே இவர்கிட்ட சொன்னேன்."

"எங்க சொன்னீங்க?"

"வீட்டுல."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மேலாளர் தரகரைப் பார்த்தார். அவன் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, "வீட்டுல ஆயிரம் பேசுவோம் சார். இப்படி ஒண்ணு சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல" என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி சரியாகத்தான் மூடியிருந்தது. அவன் திருகுவதை நிறுத்தவில்லை.

அவளைச் சோதனைப் பிரிவிலிருந்து தூக்கி, பழைய நிரல்களைக் கழித்துக் கட்டும் மூலைக்கு மாற்றினார்கள். அவன் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மாட்யூல் இனி வேண்டாம், எல்லா மென்பொருளிலிருந்தும் அதைப் பிடுங்கிவிடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கழிக்கும் வேலை அந்த மூலைக்குத்தான் வரும். அவளிடம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அந்த வேலையைக் கொஞ்சம் இழுத்தடியேன். நான் மேல பேசிப் பார்க்கறேன். ஓட்டையை அடைச்சாப் போதும், ரெண்டு வரிதான். பிடுங்கணும்னு இல்ல."

"ரெண்டு வரிதான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்து, "அது என் குழந்தை மாதிரி" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அந்தக் குரல் உண்மையானது என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அதிகம் கசந்தது. கண்ணாடி அறையில் அவளுக்காக அந்தக் குரல் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

மறுநாள் காலையில் உட்கார்ந்து முழுவதையும் எடுத்துவிட்டாள். இழுத்தடிக்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. அதை நம்பியிருந்த மற்ற நிரல்களுக்கு மாற்றுவழி எழுதி, ஓட்டிப் பார்த்தாள். எதுவும் உடையவில்லை. அடுத்த வரிசையில் அவன் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவள் பக்கம் யாரும் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் மாமியார் போனில் கூப்பிட்டார்.

"அவன் சரியாச் சாப்பிடறதே இல்லையாமே. எத்தனை வருஷ உழைப்பும்மா அது. நீயே உன் கையால அழிச்சியாமே?"

"ஆமா அத்தை."

"உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

உள்ளறையில் அவன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான், அதே மாட்யூலை கம்பெனிக்கு வெளியே வேறு பெயரில் எழுதலாமா என்று. அவள் எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவரு எப்ப வேணும்னாலும் புதுசா எழுதிக்குவாரு அத்தை," என்றாள். "நான் கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கேன். எத்தனை நாள்னு கேக்காதீங்க."