அனுப்புநர் முகவரி இல்லாத பத்தொன்பது கடிதங்கள்

நான் வந்து சேர்ந்தபோது சைக்கிள் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். கடைக்காரர் பழைய டயர்களின் மேல் பலகை போட்டு உட்கார்ந்து, ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளே மேசைக்குப் பின்னால், நாற்காலியில், கிழிந்த சீட் உறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் வாசலோர பெஞ்சில் செய்தித்தாளோடு. நான்காவது ஆள் நான், உட்காரவில்லை. நாற்பத்து மூன்று நாள் சைக்கிள் சீட்டில் இருந்தவனுக்கு நிற்பதே சுகம்.

மணி மூன்றே கால். மீட்டரில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர். நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பயணம் முடிந்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் ஆள் இல்லை.

"வாங்க சார்!" என்றார் கடைக்காரர். என்னைப் பார்க்காமல் பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். "டயர் நல்லாத் தேஞ்சிருக்கே."

"ஆளும்தான் தேஞ்சிருக்காரு. அவரை உக்காரச் சொல்லாம வண்டிக்கு வைத்தியம் பாக்கறீங்க," என்றார் மனைவி. "அண்ணே, தனியாப் போனீங்களே, பயமா இல்லையா?"

"பயம் இல்லம்மா. பேச்சுத்தான் மறந்துபோச்சு."

அது உண்மை. நடுவில் ஆறு நாள் ஒருவரோடும் பேசவில்லை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல், தலைக்கு மேல் மின்கம்பி, எதிர்க்காற்று. கடையில் பாட்டிலைக் காட்டினால் தண்ணீர் கிடைத்தது. ஏழாம் நாள் ஒரு மேட்டில் ஏறும்போது, "இன்னும் கொஞ்சம்தான்" என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன். யாரோ பின்னாலிருந்து சொன்னதுபோல் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

"தங்கச்சிக்கு வழியெல்லாம் லெட்டர் போடறேன்னு சொன்னீங்களே, போட்டீங்களா?" என்று கேட்டார் தபால்காரர்.

"பத்தொன்பது போட்டேண்ணே. எல்லாத்துலயும் வரிசை எண், தேதி, அன்னைக்கு ஓட்டின தூரம்."

"பதிவறை எழுத்தராச்சே, விடுவீங்களா! பதில் வந்துச்சா?"

"எங்க வரும்? தினம் ஒரு ஊர். அனுப்புநர் விலாசம்னு எதைப் போடறது? போடலை."

தபால்காரர் செய்தித்தாளை மடித்தார். "இங்க உங்க வீட்டு விலாசம் ஒண்ணு இருக்கே சார். விலாசம் இல்லைன்னா, அவங்க வாங்க மாட்டேன்னு சொன்னாலும் அது உங்ககிட்டத் திரும்பி வராது. தெரியுமில்ல?"

"தெரியும்."

முப்பத்தோரு வருடம் தபால் கொடுத்தவர். மேலே கேட்கவில்லை. கடைக்காரர் மட்டும், "அதான் இப்ப வந்தாச்சே, இனிமே போட்டுட்டாப் போச்சு," என்று சக்கரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

நடந்தது இதுதான். நான்கு வருடம் முன்பு அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தங்கைக்குப் போன் செய்தால் பதறிப்போவாள் என்று நான் கடிதம் எழுதினேன். நோய் தொடங்கிய நாள், டாக்டர் சொன்னது, கொடுத்த மருந்து, எல்லாம் பத்தி பிரித்து. அது அவள் கைக்குப் போன அன்று காலையில்தான் அம்மா போய்விட்டாள். தங்கை விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்றபடி, "உனக்கு ஒரு போன் பண்ணக் கை வரலையாண்ணா?" என்று கேட்டாள். அவள் என்னோடு கடைசியாகப் பேசியது அது. இப்போது போன் செய்தால், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள்.

சாலையில் இருந்தவரை எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவள் பதில் எழுதவில்லை என்றால், எழுத வழியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி வாரம் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. காலில் வலி என்று கடிதத்தில் எழுதினேன். காலில் வலி இல்லை.

வீட்டைத் திறந்தேன். அடைத்துக் கிடந்த வாடை. காலண்டர் போன மாதத்திலேயே நின்றிருந்தது. கொடியில் நான் மறந்துவிட்டுப் போன துண்டு விறைத்துத் தொங்கியது. கதவுக்குக் கீழே மின்கட்டண அறிவிப்பு ஒன்றும், யாரோ கண் டாக்டரின் விளம்பரமும் கிடந்தன. குளித்தேன். சமையலறையில் நின்றுகொண்டே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த சத்தம் வீடு முழுவதும் கேட்டது.

மேசைக்கு வந்து இருபது என்று எண் போட்டேன். பழக்கத்தில் அன்றைய தூரத்தையும் எழுதி, எதிர்க்காற்றைப் பற்றி அரைப்பக்கம் ஓட்டினேன். படித்துப் பார்த்தேன். பத்தொன்பது கடிதங்களிலும் பஞ்சர் இருந்தது, பாலம் இருந்தது, மழை இருந்தது. அம்மா பேச்சு ஒரு வரி இல்லை. தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். இந்தத் தடவை எண் போடவில்லை.

"அன்புள்ள தங்கைக்கு, ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் போன் செய்திருக்க வேண்டும். நீ பதறுவாய் என்று சொல்லிக்கொண்டது சாக்கு. நீ அழுவதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அம்மா முகத்தை நீ பார்க்க முடியாமல் போனது. தப்பு என்னுடையது. இனி எங்கும் போகப்போவதில்லை; இங்கேதான் இருப்பேன். அண்ணன்."

உறையில் அவள் முகவரி எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இடது மூலைக்கு வந்ததும் பேனா நின்றது. அங்கே நான்கு வரி எழுதிவிட்டால், பதில் வரலாம். இதே உறை, அவள் கையெழுத்தில் 'வாங்க மறுப்பு' என்று திரும்பியும் வரலாம். ஒன்றும் வராமலும் போகலாம். அதற்குப் பிறகு சாலையைக் காரணம் சொல்ல முடியாது.

கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு. நான்கையும் எழுதினேன். ஈ மொய்த்த மாதிரி சின்னதாக வந்தது. தபால்காரர் பார்த்தால் திட்டுவார் என்று தோன்றி, அதன் மேலேயே அழுத்தி, பெரிதாக எழுதினேன்.

ஐந்து மணிக்குத் தபால் எடுப்பார்கள். பசை தடவி, நாலு விரலால் தேய்த்து ஒட்டினேன். படியில் இறங்கி, தெருமுனைவரை நடந்தேன். தபால்பெட்டியின் வாயில் உறை பாதி போனதும் ஒரு தடவை வெளியே இழுத்து இடது மூலையைப் பார்த்தேன். மை காய்ந்திருந்தது. விட்டுவிட்டேன்.