பதினைந்தாயிரம் கிலோமீட்டர் கோபம்

மெல்போர்னிலிருந்து ஏதென்ஸுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர். இடையில் ஒரு விமானம் மாறினால் ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். கிரேக்கத்தின் கித்தீரா தீவில் உட்கார்ந்துகொண்டு இதைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்த மினாஸ், மெல்போர்னில் இருக்கும் தம்பி லெஃப்டெரிஸுக்கே அதைப் போனில் வாசித்துக் காட்டினார்.

"சனிக்கிழமை அம்மா குழியைத் தோண்டி எலும்பை எடுக்கிறோம்டா. உன்னால வந்து சேர முடியாது. தூரம் அப்படி."

"இன்னிக்கு வியாழன். ஒரு பகல் ஒரு ராத்திரின்னு நீயேதான் சொன்னே. ஏன் முடியாது?"

"உனக்கெதுக்கு வீண் அலைச்சல்?"

மூன்று வருடத்துக்கு முன்னாலும் இதே பேச்சுதான். வெயில் கடுமை என்று சொல்லி, இறந்த மறுநாளே அம்மாவைப் புதைத்துவிட்டார்கள். இப்போது ஊர் வழக்கப்படி எலும்பை எடுத்து, ஒயினில் கழுவி, பெட்டியில் வைத்து மூடிவிட்டால் அதோடு சரி. பிள்ளை தொடுவதற்கென்று அதற்குப் பிறகு ஒன்றும் மிச்சமிருக்காது. லெஃப்டெரிஸ் அன்றிரவே விமானம் ஏறினார்.

பக்கத்து இருக்கைக்காரர் லெஃப்டெரிஸிடமிருந்து அடித்த வெக்கை தாங்காமல் கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பணிப்பெண் வைத்த காபி இந்தியப் பெருங்கடலைத் தாண்டும்வரை ஆறவில்லை. எதிரே திரையில் ஒரு குட்டி விமானம் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. "நட" என்று அதை அதட்டினார். நடந்தது. ஏதென்ஸில் நேரத்துக்கு முன்னதாகவே இறங்கினார்கள். பின்காற்று என்று விமானி அறிவித்தார். அந்தக் காற்று எந்த வரிசையில் உட்கார்ந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை சிறு விமானத்தில் தீவுக்கு வந்து, பயணப் பெட்டியோடு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். குழி மூடியிருந்தது. மண் ஈரமாக இருந்தது. மினாஸ் சுவரோரம் உட்கார்ந்து, எலும்பு கழுவ வைத்திருந்த ஒயினைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டியா?"

"நேத்தே தோண்டினோம். நீ கிளம்பிட்டேன்னு உன் பொண்டாட்டி போன் பண்ணினா. நீ வந்தா சண்டை வரும், அதுக்குள்ள முடிச்சிடலாம்னுதான்..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"முடியல. அம்மா உடம்பு மக்கலடா."

மக்காத உடல் என்றால் உள்ளே இருப்பவருக்கு மனம் ஆறவில்லை என்று அர்த்தம். அங்கே சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

"புதைச்ச அன்னிக்கு எப்படியோ அப்படியே இருக்கா. புருவம் மட்டும் நெறிச்சிருக்கு. அன்னிக்கு அப்படி இல்ல, நான் பார்த்தேன். திரும்ப மூடிட்டு ரெண்டு வருஷம் கழிச்சுத் தோண்டுங்கன்னு சர்ச் சாமி சொல்லிட்டுப் போயிட்டாரு."

லெஃப்டெரிஸ் பயணப் பெட்டியைச் சுவரோரம் விட்டுவிட்டுக் குழியருகே போனார்.

"ரெண்டு தடவை அவ முகத்தைப் பார்த்துட்டே. நான் ஒரு தடவைகூடப் பார்க்கல."

மினாஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லிடறேன். நீ ஊருக்குப் போயிட்டு..."

"போறதாவது? என் அறையில என்ன வச்சிருக்கே?"

"வெங்காயம்."

"இன்னிக்கே வெளியே எடு."

"ரெண்டு வருஷமாடா?"

"உன் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது."

லெஃப்டெரிஸ் வீட்டுப் பக்கம் நடந்தார். மினாஸ் தம்பியின் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.