ஏழரை டாக்டரின் கையுறை

எனக்கும் ரப்பருக்கும் ஆகாது என்பது வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே கத்தியை அவர் கையில் வைக்கிற நர்ஸ் நான். ஒருநாள் லேடக்ஸ், அதாவது இயற்கை ரப்பர், கையுறையை மாட்டிய பத்தாவது நிமிஷம் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதாகிவிட்டது. அதன்பின் ஆறு மாதம் பழைய ஃபைல் அறையில் போட்டார்கள். அந்த எரிச்சலையெல்லாம் வீட்டில் கொட்டியதில் என் கணவர் அரண்டுபோனார். "எப்படியாவது தியேட்டருக்கே போய்டு தாயே, நான் பொழைச்சுக்கறேன்" என்றார்.

ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் புத்தி வந்தது. நாலு தியேட்டரிலும் இனி செயற்கை ரப்பர் கையுறைதான், லேடக்ஸ் வாசலைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மேட்ரன் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு வாரம் உள்ள நின்னு பாரு. மூச்சு வாங்கலைன்னா உன் இடம் உனக்கு. வாங்கினா உன் இடத்துல இப்ப நிக்கற புதுப் பொண்ணையே நிரந்தரமாப் போட்டுடுவேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

மனசுக்குள் திட்டிக்கொண்டே தலையாட்டினேன்.

இரண்டு நாள் ஜோராகப் போனது. மூன்றாம் நாள், மூன்றாவது தியேட்டரில் ஆபரேஷன் முடிகிற நேரம், கருவிகளை எடுக்க உள்ளே போனேன். நெஞ்சு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் 'படார்' என்று ஒரு சத்தம். பெரிய டாக்டர் கையுறையை உருவிக் கூடையில் எறிகிறார். புதுக் கையுறை அப்படிச் சத்தம் போடாது, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சொதசொதவென்று கழலும். படார் என்பது லேடக்ஸ். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அந்த டாக்டருக்குக் கையுறை அளவு ஏழரை. எங்களுக்குள் அவர் பெயரும் அதுதான். குணத்துக்கும் பொருந்தியதால் யாரும் மாற்றவில்லை.

நான் இரைப்பதை வாசலில் நின்ற மேட்ரன் பார்த்துவிட்டார். "சாயங்காலம் ரூமுக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

இன்ஹேலர் மருந்தை உறிஞ்சிவிட்டு நேரே டாக்டர்களின் ஓய்வறைக்குப் போனேன். ஏழரை தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"லாக்கரைத் திறங்க டாக்டர்."

திருதிருவென்று விழித்தார். பிறகு திறந்தார். துண்டுக்கு அடியில் லேடக்ஸ் கையுறை, மூன்று டப்பா.

"போட்டுக்கறது நான்தானே சிஸ்டர்? உங்களுக்கென்ன?"

"நீங்க கழட்டும்போது பறக்கற தூசி என் நெஞ்சுக்குள்ளதான் போகுது. இன்னியோட என் வேலை போச்சு டாக்டர்." அழக்கூடாது என்று நினைத்தேன். அதனாலேயே அழுகை வந்துவிட்டது.

அவர் டீயைக் கீழே வைத்தார். "சத்தியமா தெரியாது சிஸ்டர்" என்றார். கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்தார். "புதுசைப் போட்டா ரத்தக்குழாய் துடிக்கறதே தெரியலை. எனக்கு அறுபது ஆகப்போகுது. கையுறை சரியில்லையா, விரலே செத்துப்போச்சான்னு பயம். இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியோடு கேட்டேன். "புதுசுல என்ன சைஸ் போட்டீங்க?"

"ஏழரைதான். முப்பது வருஷமா அதுதானே."

"புதுசு பெருசா வருது டாக்டர். எல்லாரும் அரை சைஸ் இறக்கிட்டாங்க. நோட்டீஸ் ஒட்டியிருக்கே, படிக்கலையா?"

டாக்டர்கள் நோட்டீஸ் படித்ததாகச் சரித்திரமே இல்லை. ஓடிப்போய் ஏழாம் நம்பர் எடுத்துவந்து மாட்டிவிட்டேன். விரல் நுனியில் ஒரு சுருக்கம் இல்லை. என் மணிக்கட்டை நீட்டினேன். இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இறுகியிருந்த முகம் மெல்லத் தளர்ந்தது.

"தெரியுது" என்றார். "ரொம்ப வேகமா அடிக்குதே சிஸ்டர்."

"பயத்துல அடிக்குது."

அவர் எழுந்தார். டப்பாக்களைப் பையில் போட்டு இறுகக் கட்டிக்கொண்டு மேட்ரன் அறைக்கு நடந்தார். நான் பத்தடி தள்ளியே போனேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், பையை மேஜைமேல் வைத்தார்.

"இது என்னோடது. அவங்க மேல தப்பில்லை. வாரத்தை நாளையிலேர்ந்து புதுசா எண்ணுங்க."

மேட்ரன் பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"சரி, எண்ணறேன். இவளை எந்தத் தியேட்டர்ல நிறுத்தட்டும்?"

"மூணாவதுல. ஏழு நாளும் என் பக்கத்துல" என்றார் டாக்டர். "மூச்சு வாங்கினா முதல்ல எனக்குத்தான் கேக்கணும்."