கவுண் பிடித்துத் தைத்த கூலி

பிரித்தானிய சாம்ராச்சியம் திருகோணமலையில் விட்டுப்போனவற்றுள் காலத்தால் அழியாதவை மூன்று. முதலாவது துறைமுகம், அது அவர்கள் வருவதற்கு முன்னரும் அங்கேதான் கிடந்தது. இரண்டாவது காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள். அவற்றுக்குள் என்ன இருக்கிறதென்று கேட்டால் காவல்காரனும் வானத்தைப் பார்ப்பான். மூன்றாவது, ஐம்பத்தேழாம் ஆண்டு கப்பலேறிய ஒரு கடற்படைக் கொமாண்டரின் மனைவி மாதா கோயில் மாதர் சங்கத்துக்குத் தானம் செய்துவிட்டுப் போன கலியாணக் கவுண். அதன் கக்கத்தடியைப் பூச்சி அரித்திருந்தது.

அந்தச் சீமாட்டி ஆறடி உயரம். நாலு வருசத்தில் அந்தக் கவுணோடு பீடத்துக்குப் போன பதினொரு மணப்பெண்களில் ஒருத்திகூட அவளின் தோளுக்கு வரமாட்டாள். ஆகவே ஒவ்வொரு கலியாணத்துக்கும் கவுணைப் பிடித்துத் தைக்க வேண்டும். சங்கத்தின் சட்டம் கடுமையானது: கத்திரிக்கோல் படக்கூடாது. மடிக்கலாம், நூல் ஓட்டலாம், கலியாணம் முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். அடுத்த பொம்பிளை எந்தப் பருமனில் வருவாளோ, யார் கண்டது? ஊசி ஏறி ஊசி ஏறிக் கவுண் இடியப்பத் தட்டுப்போல ஆகிவிட்டது. ஆனால் சுவாமியார் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

அந்த ஊசி இன்பமலருடையது. வயது முப்பத்தாறு. உள்துறைமுக வீதிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மூதூருக்குப் போகிற லாஞ்சிப் படகு ஊதினால் அலுமாரிக் கண்ணாடி அதிரும். துறைமுக டொக்யாட்டில் கொதிகலன் வேலை பார்த்த அவளுடைய தகப்பன், ஒரு தையல் மெசினையும் வெள்ளைக்காரத் துரை கையெழுத்திட்ட ஒரு நற்சான்றிதழையும் விட்டுவிட்டுச் செத்துப்போனார். இரண்டையும் சீதனமாக எடுத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை.

பன்னிரண்டாவது கலியாணத்துக்குக் கவுணைத் தூக்கிக்கொண்டு வந்தவர் மாப்பிள்ளையே. மணப்பெண்ணின் கூறை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளையைத் தவிர வேறு ஆளில்லை. டொக்யாட் ஸ்ரோர்க்கீப்பர் கிறிஸ்தோபர், நாற்பத்துநாலு வயது. கொடி மாறியிருந்தது, அவர் மாறவில்லை. இன்னும் "எங்கட றோயல் நேவியில" என்றுதான் கதை தொடங்கும். ஞாயிறு பூசையில் பெண்கள் பக்கத்து நாலாம் வாங்குப் பலகையில் இருந்தால் அவருடைய பிடரி நன்றாகத் தெரியும். இன்பமலர் ஏழு வருசமாக நாலாம் வாங்கில்தான் இருந்தாள். அவருடைய சட்டைக் கழுத்து பதினைந்தரை அங்குலம் என்பது, அளவுநாடா பிடிக்காமலே அவளுக்குத் தெரியும்.

"தங்கச்சி, ஒரு சின்ன வேலை. கலியாணம்," என்றார்.

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

இன்பமலர் நாலைந்து குண்டூசிகளை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். தையற்காரிகளுக்கு அது ஒரு வசதி. வாயில் ஊசி இருக்கிறவளிடம் யாரும் மறுமொழி எதிர்பார்க்க மாட்டார்கள்.

"பொம்பிளைக்கு ஊர் பேசாலை. மாகிரட் எண்டு பேர். பத்தேக்கர் தென்னங்காணி. நல்ல அடக்கம்." எது அடக்கம், காணியா மாகிரட்டா என்று அவர் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்து நீட்டினார். அதில் வெள்ளை நூல் ஒன்று வரிசை குலையாமல் சுற்றியிருந்தது. "அளவு அனுப்பியிருக்கினம்."

பேசாலையார் பெண்ணை நூலால் அளந்து, மார்புக்கொரு முடிச்சு, இடுப்புக்கொரு முடிச்சு, நீளத்துக்கொரு முடிச்சு என்று போட்டுக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புவது வழக்கம். இன்பமலர் நூலைப் பிரித்தாள். விரலால் நீவினாள். ஊசிகளைத் துப்பினாள்.

"முடிச்சுகள் எங்க?"

"ஓ, அதுவோ. நாலைஞ்சு கிடந்தது. அவிட்டுப்போட்டன்."

"அவிட்டியளோ!"

"முடிச்சோட நூலை ஸ்ரோருக்குள்ள எடுக்கிறேல்லைத் தங்கச்சி. அது றோயல் நேவி ஒழுங்கு."

கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பேசாலைக்குக் கடிதம் போய்த் திரும்ப ஒன்பது நாளாகும். அதைவிட, உங்கள் மகளை நான் அவிழ்த்துவிட்டேன் என்று மாமனாருக்கு எழுதக் கிறிஸ்தோபருக்குத் துணிவில்லை.

"நீங்கள் பொம்பிளையைப் பாத்தனீங்கள்தானே? என்ன உயரம்?"

"கதிரையில இருந்தவ," என்று யோசித்தார். பிறகு, ஏழு வருசத்தில் முதல் தடவையாக, இன்பமலரை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார். சரக்கு இருப்பைக் கணக்கெடுக்கிற பார்வைதான். என்றாலும் அவளுக்குக் காது சுட்டது. "உங்கட அளவுதான் வரும். உங்களுக்குப் பிடிச்சுத் தையுங்கோ, காணும். கூலி என்ன?"

கோயில் முழுக்க அறிந்த கூலி பத்து ரூபாய். "இருபத்திரண்டரை," என்றாள் இன்பமலர்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. அவருடைய சைக்கிள் முடக்கில் திரும்புகிறபோது தெரிந்துவிட்டது. பத்து ரூபாய் என்றால் மனிதன் தந்துவிட்டுப் போய்விடுவான். இருபத்திரண்டரை என்றால் பேரம்பேசத் திரும்பி வருவான்.

வந்தார். அடுத்த நாள் பின்னேரம் சரியாக ஐந்து மணிக்குக் கதிரையில் இருந்தார்.

"தங்கச்சி, ஊரில பத்து ரூபா எண்டு கதைக்கினம்."

"ஊரில கதைக்கிறவை வந்து தைக்கட்டும். இருபத்தெட்டுத் தெறி, பொத்தானெல்லாம் முதுகில. அவ்வளவையும் கழட்டி மாத்திக் கட்டோணும். லேஸ் தொட்டால் கிழியுது."

"இருபத்திரண்டரை கொஞ்சம் கூடப்போச்சு."

"சரி, இருபது தாங்கோ. பிளேன்ரீ குடிக்கிறியளோ?"

குடித்தார். ஒருமுறை அட்மிரல் தன்னிடம் நேரம் கேட்ட கதையைச் சொன்னார். நாளைக்கு முடிவு சொல்கிறேன் என்று எழுந்து போனார். நாளைக்கு இருபது, பதினேழரையாக இறங்கியது. ஒருநாள் விட்டு வந்தபோது பதினைந்து. ஒவ்வொரு இரண்டரை ரூபாய்க்கும் ஒரு பின்னேரம். தன் சொந்தக் கூலியை இவ்வளவு ஆசையோடு வெட்டிக் கொடுத்த தொழிலாளி அந்தத் துறைமுகத்தில் வேறு இருந்திருக்க மாட்டார். அட்மிரல் இரண்டாம் தடவையும் நேரம் கேட்டார். இன்பமலர் இரண்டாம் தடவையும் வியந்தாள். பேச்சில் அவள் ஒரேயொரு சொல்லைத்தான் ஒதுக்கிவைத்திருந்தாள். அவர் எத்தனை தரம் "தங்கச்சி" என்றாலும், அவள் வாயிலிருந்து "அண்ணை" வரவில்லை. பேர் சொல்லாமலே, கூப்பிடாமலே சமாளித்தாள்.

வேலிக்கு அப்பால் இருந்த றுக்கியாவுக்கு இதெல்லாம் தெரியும். கணவனை இழந்தவள், வாயை மட்டும் இழக்காதவள்.

"என்ன புள்ள, உன்ட மனிசன் கவுண் தைக்க வாறாரா, கவுணுக்குள்ள போட ஆள் தேடி வாறாரா?"

"சும்மா இரடி."

"ஒரு சொல்லு சொல்லிப் பாரன். வாய் இரிக்கிதானே?"

"நான் என்னத்தைச் சொல்ல? கூலியைத்தான் குறைச்சுக் குறைச்சுச் சொல்லுறன்."

"குறைச்சுக் குறைச்சுக் கடசில நீ காசு குடுக்கப்போறாய்."

அதற்கும் ஒரு எல்லை வந்தது. ஆறாவது பின்னேரம் கூலி பத்து ரூபாயில் வந்து நின்றது. அதற்குக் கீழே போனால் சங்கம் கேள்வி கேட்கும். "அப்ப நாளைக்கு எடுக்க வாறன்," என்று கிறிஸ்தோபர் திருப்தியோடு எழும்பினார். பன்னிரண்டரை ரூபாய் வென்ற மனிதர்.

அடுத்தநாள் நாலு மணிக்கு இன்பமலர் றுக்கியாவைக் கூப்பிட்டாள். கடைசியாக ஒருதரம் போட்டுப் பார்க்க வேண்டும். முதுகுத் தெறிகளை இன்னொருவர்தான் பூட்ட வேண்டும். றுக்கியா பிஸ்மி சொல்லி ஒவ்வொன்றாய் இருபத்தெட்டையும் பூட்டினாள். பூட்டி முடித்துவிட்டு வழக்கமான பகிடியைச் சொல்ல வாயெடுத்தவள், இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

அலுமாரிக் கண்ணாடியில் நின்றது யாரென்று இன்பமலருக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை. கவுண் அவளைப் பிடித்திருந்தது. பதினொரு பேருக்கு இரவல் உடுப்பாய் இருந்தது, அவளுக்கு மட்டும் தோலாய் இருந்தது. இதை அவர் ஒருக்கால், ஒரேயொருக்கால் பார்த்தால் போதும் என்று நினைத்தாள். சொல் ஒன்றும் வேண்டியதில்லை. பார்த்தபிறகும் பேசாலைக்குப் போகிறவரென்றால் போகட்டும்.

கண்ணாடி அதிர்ந்தது. மூதூர் லாஞ்சி ஊதியது.

"யா அல்லா! மூதூரில மகளுக்குப் புள்ள பொறக்க இண்டைக்கு நாள் சொல்லியிரிக்கி!" றுக்கியா முக்காட்டை இழுத்துக்கொண்டு பாய்ந்தாள்.

"றுக்கியா! தெறியைக் கழட்டியிட்டுப் போடி!"

"லாஞ்சி நிக்காது புள்ள! அதான் ஒராள் வருவாரே!" குரல் படலைக் கதவுக்கு வெளியேயிருந்து வந்தது.

கையைப் பின்னால் வளைத்துப் பார்த்தாள். மேலே மூன்று எட்டியது, கீழே நாலு எட்டியது. நடுவில் இருந்த இருபத்தொன்றும் எந்தத் தனி மனுசிக்கும் எட்டாதவை. இழுத்தால் கிழியும்.

சைக்கிள் மணி கேட்டது. ஐந்து மணி. 'நாளைக்கு வாங்கோ' என்று உள்ளிருந்தபடியே சொல்லிவிடலாம். அவள் ஒரு மூச்சு எடுத்தாள். பிறகு, பெண்சாதிமார் புருசன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, "இஞ்சருங்கோ," என்றாள். "உள்ளுக்கு வாங்கோ."

கிறிஸ்தோபர் வாசலில் வந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான். இது இருப்புக் கணக்கெடுக்கிற பார்வையல்ல. தொப்பி தானாகக் கழன்று கைக்கு வந்தது.

"அளவு சரி," என்றார்.

"அளவு மட்டுமோ?"

"தங்க..." என்று தொடங்கியவர் மிச்சத்தை விழுங்கிவிட்டார். வாழ்க்கையில் ஒரு ஆண் அவளுக்காகச் செய்த பெரிய காரியம் அதுதான்.

"பின்னால தெறி. எனக்குக் கை எட்டாது," என்று திரும்பி நின்றாள்.

அவர் தொப்பியைக் கதிரையில் வைத்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் தெறி, இரண்டாவது. ஸ்ரோரில் ஆணி எண்ணுகிற விரல்கள் தெறிகளை எண்ணி எண்ணிக் கழற்றின. ஐந்தாவதில் அவருடைய மூச்சு அவள் கழுத்தில் பட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே லாஞ்சியின் சத்தம் தேய்ந்து கடலோடு போனது.

"இன்பமலர்," என்றார். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "நான் ஒண்டு சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ."

எட்டாவது தெறி கழன்றது. ஒன்பதாவது கழன்றதும் சாட்டின் துணி இரு பக்கமும் விலகியது. விரல்கள் நின்றன. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து எதையோ வாசித்தார். பிறகு மிச்சம் பத்தொன்பதையும் மளமளவென்று கழற்றினார். தொண்டையைச் செருமினார். "கவுணை மடிச்சுத் தாங்கோ தங்கச்சி," என்று பத்து ரூபாயை மெசினுக்கு மேல் வைத்தார்.

இன்பமலர் உள்ளே போட்டிருந்த உள்சட்டை, வெள்ள நிவாரணத்துக்கு வந்த கோதுமை மாப் பையின் துணியில் வெட்டித் தைத்தது. அதன் முதுகில் நீல எழுத்தில், 'அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்பனைக்கல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மூன்று தரம் சவுக்காரம் போட்டு அவித்தும் எழுத்துப் போகவில்லை.