ஆறு வாரம் முந்திய மண்வெட்டி

ஈவ்ஷாம் நகரில் இருந்த 'மண்வெட்டி' என்ற தோட்டக்கலை வார இதழின் அலுவலகத்துக்குள் பருவம் எப்போதும் ஆறு வாரம் முந்தியே நடந்தது. 1884 முதல் ஒவ்வோர் இதழையும் ஆறு வாரம் முன்பே எழுதி முடிப்பது வழக்கமாக இருந்ததால் கட்டடத்துக்கும் அதே பழக்கம் தொற்றிக்கொண்டது. வெளியே பிப்ரவரிப் பனி கொட்டும்போது உள்ளே மேசைமேல் தேனீக்கள் சுற்றின. இரண்டு உலகப் போர்களும் அங்கே ஆறு வாரம் முன்பே தொடங்கின. தோட்டச் செய்தி அல்ல என்பதால் யாரும் வெளியே சொல்லவில்லை.

1953 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, இருபத்தாறு ஆண்டு ஆசிரியராக இருந்த ஹியூபர்ட் பில்பீம் தன் நாற்காலியில் உட்கார்ந்ததும் மறைந்துபோனார். எழுந்து தெருவுக்கு வந்தால் தொப்பி உட்பட முழுதாகத் தெரிந்தார். தட்டச்சர் வினிஃப்ரெட் ஜன்னல் வழியாக அழுதாள். "உள்ள வந்தா நீங்க இல்ல சார். இன்னும் ஆறு வாரந்தான்போல."

"நல்லாத்தானேம்மா இருக்கேன்! காலைல ரெண்டு முட்டை தின்னேன்."

"முட்டையெல்லாம் ஒரு சாட்சியா சார்?" என்றார் துணை ஆசிரியர் ஸ்னெல்குரோவ். "சிரமப்படாதீங்க. நாற்காலிய நான் பாத்துக்கறேன்."

மறுநாளே உரிமையாளர்கள் ஸ்னெல்குரோவை ஆசிரியராக்கினார்கள். இரங்கல் குறிப்பும் உடனே அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. பில்பீம் தெருவில் நின்றபடியே அதைத் திருத்திக் கொடுத்தார். ரோஜாவை இலையுதிர் காலத்தில் கத்தரிக்கச் சொன்னவர் என்று தன்னைப் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்ததும் கொதித்தார். "உயிரோட இருக்கறவரைக்கும் இதுக்கு ஒத்துக்க மாட்டேன்!"

"அதனாலதான் சார் செத்தப்புறம் போடறோம்," என்றார் ஸ்னெல்குரோவ்.

பில்பீமின் மனைவி இறுதிச் சடங்கு விருந்துக்குப் பன்றித்தொடை வேகவைத்தாள். ஆறு வாரம் முடிந்தது, இரங்கல் குறிப்பு வெளிவந்தது, பில்பீம் சாகவில்லை. அன்று அவருக்கு அலுவலகத்தில் இடம் இருக்காது என்பதை மட்டுமே கட்டடம் சொல்லியிருந்தது. அந்த இடத்தைப் பறித்தவர்கள் மனிதர்கள். அவர் போய் நாற்காலியைக் கேட்டார்.

"எழுபது வருஷமா நாம மறுப்பே போட்டதில்ல சார்," என்றார் ஸ்னெல்குரோவ், அதில் உட்கார்ந்தபடியே. "வாசகருங்க என்ன நெனப்பாங்க?"

அதன்பின் பில்பீம் வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் பயிரிட்டார். ஆகஸ்டு கண்காட்சியில், இதழ் புதிதாக நிறுவிய 'பில்பீம் நினைவுக் கோப்பை' அவருடைய வெங்காயத்துக்கே கிடைத்தது. பரிசளிப்புக்கு முன் மறைந்த ஆசிரியருக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்கச் சொன்னார்கள். பில்பீமும் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நின்றார். பிறகு ஸ்னெல்குரோவிடம் கைகுலுக்கிக் கோப்பையை வாங்கிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க நடந்தார்.