மன்னிப்புக்காரியின் சீசன்

அந்த சீசனின் முதல் போட்டியிலிருந்து கடைசிப் போட்டி வரை அவள் அடித்த பந்து ஒன்றுகூட மேஜையின் நடுவில் விழவில்லை. எல்லாம் ஓரத்திலேயே பட்டன. டேபிள் டென்னிஸ் ஆடியவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை: மேல்விளிம்பில் உரசிய பந்து எழும்பாது, திசைமாறிச் சட்டென்று தரையை நோக்கிச் சரிந்துவிடும், எதிரில் நிற்பவர் எத்தனை பெரிய ஆளானாலும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். புள்ளி அடித்தவருக்கு. ஆனால் அது திறமையில் வந்த புள்ளி அல்ல என்பதால், அடித்தவர் சும்மா இருக்கும் கையை லேசாக உயர்த்தி மன்னிப்புக் கேட்க வேண்டும். விதிப்புத்தகத்தில் இப்படி எதுவும் எழுதியில்லை, ஆனாலும் கையைத் தூக்காதவரை எந்த ஊர் ஆட்டக்காரரும் மதிப்பதில்லை. ஒரு ஆட்டத்தில் ஒன்றிரண்டு முறை என்றால் பரவாயில்லை. இவள் புள்ளிக்குப் புள்ளி தூக்கினாள். நாடு நாடாகப் போகும் சீசன் இரண்டாவது நாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ‘மன்னிப்புக்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதற்கு முன்பு அவளுக்குப் பெயர் எதுவும் கிடையாது. பல வருடங்களாகத் தகுதிச் சுற்றில் தோற்று, முக்கியப் போட்டி தொடங்கும்போது பெட்டியை இழுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகிறவளுக்கு யார் பெயர் வைப்பார்கள்? அவளுடைய தாய்மாமாதான் பயிற்சியாளர். அத்தனை வருடமும் தடுப்புக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தே கையைப் புண்ணாக்கிக்கொண்ட மனிதர், இந்த சீசனில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். “எங்க பட்டா உனக்கென்ன? மேஜைல பட்டுச்சா இல்லையா?” என்பார். பட்டது என்றுதான் அவளும் சொல்ல வேண்டியிருந்தது.

அதிகாரிகள் தங்களால் முடிந்ததை எல்லாம் செய்தார்கள். மட்டையை வாங்கிக்கொண்டு போய் ரப்பரின் தடிமனை அளந்தார்கள், பசையை முகர்ந்து பார்த்தார்கள். மேஜையை மாற்றினார்கள். ஒரு நகரத்தில் தச்சரை வரவழைத்து விளிம்பை உளியால் மழுக்கச் சொன்னார்கள், பந்து மழுங்கிய இடத்தில் பட்டுச் சரிந்தது. பக்கவாட்டில் பட்டால் புள்ளி எதிராளிக்கு என்பது விதி, அதனால் அதை நம்பிக் கேமராவைத் தரைமட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள். மயிரிழை அளவில் மேல்விளிம்பிலேயே பட்டிருந்தது, ஒவ்வொரு தடவையும். கடைசியில் தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “விதிப்படி எல்லாம் சரியா இருக்கு, அதுதான் எரிச்சலா இருக்கு” என்றார். எப்படி என்று எல்லோரும் ஆராய்ந்தார்கள். அவளுக்கு இது வேண்டுமா என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

வேண்டாம் என்றுதான் அவள் இருந்தாள். பந்தை வேண்டுமென்றே கூரையைப் பார்த்து அடித்தாள், அது சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து ஓரத்தில் உட்கார்ந்தது. மட்டையைத் தொங்கப் போட்டு நின்றாள், பந்தே தேடி வந்து மோதிக்கொண்டு போனது, ஒழுங்காக ஆடவில்லை என்று நடுவர் மஞ்சள் அட்டையும் காட்டினார். சீசன் பாதியைத் தாண்டியபோது பிசியோதெரபிஸ்ட் அவளுடைய ஆடும் கையை விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கும் கைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை இப்போது சொல்லாமலே உயர்ந்தது. விமானத்தில் உயர்ந்து பணிப்பெண்ணை வரவழைத்தது. சாப்பாட்டுக் கூடத்தில் உப்பை எடுக்கப் போகும்போது உயர்ந்தது.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். நெட்டையின் விஷயத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. நெட்டை அவளுடைய சிநேகிதி, பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே மேஜையில் பயிற்சி, வெளிநாடு போனால் ஒரே அறை. எப்போது மோதினாலும் நெட்டைதான் ஜெயிப்பாள், என்றைக்காவது ஒருநாள் அவளை நேர்மையாக ஜெயிக்க வேண்டும் என்பதுதான் இவளுக்கு வாழ்க்கையிலிருந்த ஒரே பேராசை. நெட்டை முழங்காலில் அறுவைசிகிச்சை செய்துகொண்டு, இதுதான் கடைசி சீசன் என்று அறிவித்துவிட்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரு அரையிறுதியில் எதிரெதிரே நின்றார்கள். சீக்கிரம் முடிந்துவிட்டது. பந்து ஓரத்தில் பட்டது, கை உயர்ந்தது, பந்து ஓரத்தில் பட்டது, கை உயர்ந்தது. நெட்டை துண்டைத் தரையில் வீசினாள். “இதுக்கா நான் முட்டியைக் கிழிச்சுக்கிட்டு வந்தேன்?” என்றாள். அறைக்குத் திரும்பியபோது ஒரு கட்டில் காலியாக இருந்தது.

பிறகு வந்த நகரங்களில் நெட்டையைக் காணவில்லை. சில போட்டிகளிலிருந்து விலகிவிட்டாள் என்றார்கள். மன்னிப்புக்காரி கோப்பை மேல் கோப்பையாக வாங்கினாள், மேடையில் நிற்கும்போது கைதட்டுகிறவர்கள் மாமாவும் அவருக்குப் பயந்த இரண்டொருவரும்தான். சிநேகிதிக்குச் செய்தி அனுப்பினாள், பதில் இல்லை. திரும்ப அனுப்பினாள். தன்னிடம் மன்னிப்பைத் தவிர அனுப்ப வேறொன்றும் இல்லை என்று தோன்றியபோது ஹோட்டல் குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபின் தன்மேலேயே கடுப்பு வந்தது.

கடைசிப் போட்டிக்குச் சற்று முன்பு மாமா ஒரு சேதியோடு வந்தார், நகம் மறுபடியும் வாயில் இருந்தது. நெட்டை ஒரு தச்சரைப் பிடித்து, மேஜையின் நடுப்பலகையை அறுத்தெடுத்துவிட்டு ஓரத்தை மட்டும் சட்டம்போல விட்டிருக்கிறாளாம். அந்தச் சட்டத்தில் பந்தைப் பட வைத்துப் பட வைத்து, சரிகிற பந்தைத் தரைக்கு ஒரு விரல் மேலே தோண்டி எடுக்கிறாளாம், காலையிலிருந்து சாயந்திரம் வரை இதே வேலையாம். “பைத்தியம் பிடிச்சுடுச்சு அவளுக்கு” என்றார் மாமா. மன்னிப்புக்காரிக்கு அந்த சீசனில் முதன்முறையாகப் பசித்தது.

இறுதி ஆட்டத்தில் இருவரும்தான் வந்து நின்றார்கள். கைகுலுக்கும்போது நெட்டை முகத்தைப் பார்க்கவில்லை. முதல் பந்து ஓரத்தில் பட்டுச் சரிந்தது. மன்னிப்புக்காரியின் கை உயர்ந்தது. உயர்ந்த கையோடு அவள் நின்றுகொண்டிருக்க, மேஜைக்குக் கீழேயிருந்து பந்து எழும்பி வந்து அவள் பக்கத்தில் விழுந்து கடந்து போனது.

“கையை இறக்குடி. பந்து இன்னும் உயிரோட இருக்கு” என்றாள் நெட்டை.

இறக்க முடிந்தால்தானே! முதல் செட் முழுக்க அந்தப் பாழாய்ப்போன கை உயர்ந்துகொண்டே இருந்தது, செட் போனது. இரண்டாவதும் போனது. மாமா இடைவேளை கேட்டுக் கூப்பிட்டு, “மன்னிப்பு கேக்க உனக்கு வேற நேரமே கெடைக்கலையா?” என்று கத்தினார். அவள் மேஜைக்குத் திரும்பி வந்தாள், சர்வீஸ் போட்டதும் மன்னிப்புக் கேட்கும் கையை அரைக்கால்சட்டையின் இடுப்புப் பட்டிக்குள் செருகினாள். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் பந்து போய் வந்தது, போய் வந்தது. நெட்டை தரையிலிருந்து தோண்டினாள், இவள் ஓடி எடுத்தாள், ஓரத்தில் பட்டது, மறுபடியும் தோண்டினாள். செட்டுகள் சமமாயின. கூட்டம் எழுந்து நின்றது. ஏழாவது செட்டின் முடிவில் நெட்டை அடித்த பந்து மேஜையின் நட்டநடுவில் விழுந்து, மட்டைக்கு எட்டாமல், சுத்தமாக, யாரும் யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாமல் போனது.

மன்னிப்புக்காரி மட்டையை மேஜைமேல் போட்டுவிட்டு நின்றாள். காது வரை சூடாக இருந்தது. நெட்டை நொண்டிக்கொண்டே வந்து கையை நீட்டினாள்.

“எரிச்சலா இருக்கா?”

“உன்னைக் கொன்னுடலாம்னு இருக்கு.”

“அப்ப சரி. எந்த ரூம்ல இருக்க? என் பெட்டியை யாராவது தூக்கிட்டு வரணும், எனக்கு முட்டி வலிக்குது.”

அடுத்த சீசனிலும் பந்துகள் ஓரத்திலேதான் பட்டன. அதற்குள் மேஜை செய்கிறவர்கள் நடுப்பலகை இல்லாத பயிற்சி மேஜையை எல்லா நாட்டுக்கும் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள், அதை வாங்கிப் போடாத கூடமே இல்லை. ஓரப் பந்தை எப்படி எடுப்பது என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது ஓய்வுபெற்ற நெட்டைதான். மன்னிப்புக்காரி எங்கே போனாலும் எதிராளியின் பயிற்சியாளர் நாற்காலியில் நெட்டை உட்கார்ந்திருந்தாள். அந்த வருடம் மன்னிப்புக்காரி நிறையத் தோற்றாள், கொஞ்சம் ஜெயித்தாள். துரோகி என்று கத்திக்கொண்டே அறைக் கதவைத் திறப்பாள், உள்ளே நெட்டை முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்து வைத்திருப்பாள்.